காப்புக் கட்டிய ஊரைத் தாண்டியவள்

செய்தி வந்தபோது பகல் பதினொரு மணி. ஓசூரிலிருந்து ராயக்கோட்டைக்குப் போகும் பஸ், வழக்கமாக நிற்காத இடத்தில், அவரைக் கொல்லைக்கு எதிரே நின்றது. கண்டக்டர் இறங்கி வரப்பேறி வந்தார். டிக்கெட் பையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அதைப் பார்த்ததும் ருக்மணி பறித்த அவரைக்காயை மடியிலிருந்து கீழே கொட்டினாள்.

"பெரியவங்க யாரும் இல்லையா, பாப்பா?"

"நைனா களத்துல ராகி அடிக்கறாரு. என்கிட்டயே சொல்லுங்க."

அவர் சானமாவுக் காட்டின் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "ஆஸ்பத்திரில சொல்லி அனுப்பினாங்கம்மா. உங்கம்மா விடியக்காலம் போயிட்டாங்க. கூலித்தெரு நாராயணம்மா கூடவே இருந்துச்சாம். வண்டி வச்சு எடுத்தாராங்க."

சரோஜம்மாளை மஞ்சள் காமாலை என்று ஓசூரில் சேர்த்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. பதினைந்து வயது ருக்மணி களத்துக்கு ஓடவில்லை, நடந்தே போனாள். அவள் போய்ச் சேர்வதற்குள் செய்தி அவளை முந்திக்கொண்டு ஊருக்குள் போய்விட்டது. கிணற்றடியில் ஒருத்தி மற்றவளிடம் சொல்வது காதில் விழுந்தது. "காப்பத் தாண்டினவ போயிட்டாளாம்."

ஏழு வருடமாக அந்த ஊரில் அவள் அம்மாவுக்கு அதுதான் பேர்.

அந்தப் பேர் வந்ததே ருக்மணியால்தான். அப்போது அவளுக்கு எட்டு வயது. மாரியம்மன் பண்டிகைக்குக் காப்புக் கட்டி மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த வருடம் கரகம் எடுக்கும் முறை அவள் அப்பா நாராயணப்பனுக்கு வந்திருந்தது. மஞ்சள் துணியில் வேப்பிலை முடிந்து அவர் மணிக்கட்டில் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிவிட்டால் பண்டிகை முடியும்வரை அந்த ஊரில் பிறந்தவரோ வாழ வந்தவரோ எவரும் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. கூலிக்குப் போனவர்கள் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். கரகம் எடுப்பவர் பகலிலும் எல்லை தாண்டக் கூடாது. யாராவது வெளியே தங்கிவிட்டால் அம்மன் முத்துப் போட்டுவிடுவாள் என்று பயந்தார்கள். அது சும்மா வந்த பயமும் அல்ல. அம்மையில் பிள்ளைகளைக் கொடுத்த வீடுகள் அந்தத் தெருவிலேயே இருந்தன.

ருக்மணிக்கு முதலில் தொப்புளைச் சுற்றி வலித்தது. கூழைக் குடித்ததும் வாந்தி எடுத்தாள். மறுநாள் காலையில் வலி வலது பக்கம் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. நிமிர்ந்து நடக்க முடியவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் விளக்கெண்ணெயைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு வந்தார்கள். "குடல்ல சிக்கினது வெளிய போயிட்டா வலி போயிடும்" என்றாள் ஒருத்தி. "தொப்புள் கிட்ட ஒரு சூடு வெச்சுடலாம்" என்றாள் இன்னொருத்தி.

சரோஜம்மாள் கிண்ணத்தை வாங்கிக் கொல்லைப்புறம் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். அவள் பிறந்த வீட்டில் அண்ணன் மகன் ஒருவன் இதே மாதிரி வலியோடு படுத்து, இதே எண்ணெயைக் குடித்து, மூன்றாம் நாள் வயிறு பலகைபோல் விறைத்துச் செத்திருந்தான். எண்ணெய்தான் கொன்றதா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த வாசனை இரண்டாம் தரம் தன் வீட்டில் வர அவள் விடுவதாக இல்லை.

"ஓசூருக்குப் போயிட்டு வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடறேன்" என்றாள் புருஷனிடம். அப்படித் திரும்பிவிடத்தான் அவள் நினைத்திருந்தாள். பிற்பாடு யார் கேட்டபோதும் இதை அவள் மறைத்ததில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சின்ன வயது, மூக்குக்கண்ணாடி, மெதுவான பேச்சு. தொட்ட இடமெல்லாம் ருக்மணி அழுதாள்.

"பூச்சியாவும் இருக்கலாம், குடல்வால் வீக்கமாவும் இருக்கலாம்" என்றார். "கொழந்தைங்களுக்கு வலி எங்கன்னு சரியா சொல்லத் தெரியாது. ரத்தம் பாத்துடலாம்."

ரத்தம் பார்ப்பவர் பேர் திம்மராயன். ஜன்னலோரம் மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ருக்மணியின் விரல் நுனியைப் பஞ்சால் துடைத்தார்.

"எறும்பு கடிக்கற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

ஊசி இறங்கியது. "எங்க ஊரு எறும்பு இப்டி கடிக்காது" என்று ருக்மணி அழுகைக்கு நடுவே சொன்னாள்.

"இது ஓசூர் எறும்பு. கவர்மெண்டு சம்பளம் வாங்குது."

அவர் ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி, நீலத் தண்ணீரோடு கலந்து, கோடு போட்ட சின்னக் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு விட்டு எண்ண ஆரம்பித்தார். இன்னொரு சில்லில் ரத்தத்தைத் தடவிக் காயவைத்துச் சாயம் ஊற்றினார். சரோஜம்மாள் அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை.

"என்னாத்த எண்ணறீங்க?"

"ரத்தத்துல வெள்ளை அணுன்னு ஒண்ணு இருக்குதும்மா. உங்க ஊரு எது, சானமாவுப் பக்கமா? ராத்திரி ராகிக் கொல்லையில யானை எறங்கினா என்ன பண்ணுவீங்க?"

"தப்பட்ட எடுத்துக்கினு ஊரே ஓடும்."

"ஒத்த யானைன்னா நாலு பேரு ஓடுவான். கூட்டமா வந்தா ஊரே ஓடும். இருட்டுல யானையப் பாக்க முடியாது. ஆனா எத்தன பேரு ஓடறான்னு எண்ணினா வந்தது எவ்வளவுன்னு தெரிஞ்சிடும் இல்ல? அதத்தான் எண்ணறேன்." அவர் சாயம் ஊற்றிய சில்லைக் காட்டினார். "இதுல ஓடறவன் யாருன்னு பாப்பேன். ஆம்பளைங்க பத்தாம மீச மொளைக்காத பசங்களையும் அனுப்பிட்டாங்கன்னா நெலம மோசம்னு அர்த்தம். பூச்சியா இருந்தா செவப்புப் பொடி தூவினாப்ல ஒரு அணு தனியா ஏறும். பாப்பாவுக்கு அது ஏறல."

கணக்கு பன்னிரண்டாயிரம் வந்தது. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் தடவிக்கொண்டார்.

"கூடத்தான் இருக்கு. ஆனா வாந்தி எடுத்து அழுத கொழந்தைக்கு இவ்வளவு ஏறும். ஒரு தடவை பாத்தா பாதி சேதிதான்மா. சாயங்காலம் மறுபடி பாக்கணும். ஏறிட்டே போனா அறுக்கணும், எறங்கினா வீட்டுக்குப் போகலாம். வாயில தண்ணி கூட குடுக்காதீங்க."

சாயங்காலம் என்ற சொல்லைக் கேட்டதும்தான் சரோஜம்மாளுக்கு ஊர் நினைவு வந்தது.

மூன்று மணிக்கு ஊர்க்கவுண்டர் ராஜப்பன் மாட்டு வண்டியோடு வந்து இறங்கினார். நாராயணப்பனுக்குச் சித்தப்பா முறை. வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, தலையணைகூட எடுத்து வந்திருந்தார். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"சரோசா, கெளம்பு. இப்ப விட்டாத்தான் வெளக்கு வெக்கறதுக்குள்ள போய்ச் சேரலாம். விடிஞ்சதும் நானே கூட்டியாந்து விடறேன். இது என் பேச்சு."

அது நியாயமாகவே பட்டது. சரோஜம்மாள் துணி மூட்டையைக் கொண்டுபோய் வண்டியில் வைத்தாள். வைத்துவிட்டு டாக்டரிடம் திரும்பி வந்தாள்.

"காலைல பாத்தா ஆகாதுங்களா?"

"பெரியவங்களுக்குன்னா சரின்னு சொல்லுவேன். கொழந்தைங்களுக்குக் குடல்வால் சீக்கிரம் உடைஞ்சிடும். காலைல வந்தா ரத்தம் பாக்கற வேலையே இல்லாமப் போனாலும் போகும்."

படுக்கையிலிருந்து ஜன்னல் வழியே ருக்மணி பார்த்தாள். அம்மா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மூட்டையை மறுபடி வெளியே எடுத்தாள்.

"நீங்க போங்க மாமா. ரத்தத்துக்குள்ள ஊரே ஓடிக்கினு கெடக்குதாம். எத்தன பேரு ஓடறாங்கன்னு பாக்காம நான் வரமாட்டேன்."

"என்னாடி உளர்ற? ஊரு கூடி எதுக்குக் காப்பு கட்டினோம்? உன் புருசன் தலையில கரகம் ஏறாது, பரவால்லியா?"

"கரகம் அடுத்த வருசமும் வரும்."

"அம்மன் சும்மா உடமாட்டா."

"அவளும் பொம்பளதான மாமா. வந்து கேக்கட்டும், சொல்லிக்கறேன்."

ராஜப்பன் வாயில் கைவைத்துக்கொண்டார். அந்த வார்த்தைதான் பிற்பாடு ஊர்க் கூட்டத்தில் பெரிதாக நின்றது. அவரும் விளக்கு வைப்பதற்குள் போய்ச் சேர வேண்டியவர். மேற்கே ஒரு தரம் பார்த்துவிட்டு மாட்டைத் தட்டினார். தலையணையை மட்டும் வாசற்படியில் விட்டுவிட்டுப் போனார்.

பொழுது சாய்கையில் திம்மராயன் மறுபடி ஊசியை எடுத்தார். இந்தத் தரம் ருக்மணிக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. இருபதாயிரத்துக்கு மேல் ஏறியிருந்தது. சாயம் ஊற்றிய சில்லைப் பார்த்துவிட்டுத் திம்மராயன் சரோஜம்மாளிடம் மெதுவாகச் சொன்னார். "மீச மொளைக்காத பசங்களும் எறங்கிட்டாங்கம்மா." டாக்டர் அதற்குமுன் வயிற்றை அழுத்திப் பார்த்திருந்தார். கையும் ரத்தமும் ஒரே சேதியைச் சொன்னதால் அவர் தயங்கவில்லை. ஆனால் குழந்தைக்கு மயக்கமருந்து கொடுக்கிறவர் ஓசூரில் அன்று இல்லை. பெங்களூருக்குத்தான் கொண்டுபோக வேண்டும், பஸ்ஸும் போய்விட்டது.

சரோஜம்மாள் ரோட்டில் போய் நின்று, பெங்களூருக்குப் பூசணிக்காய் ஏற்றிப் போன லாரியைக் கைகாட்டி நிறுத்தினாள். ஓட்டி வந்தவர் மாரிசாமி என்று ஒருவர்.

"முன்னாடி எடமில்லக்கா, ஆளு இருக்குது. பின்னாடி காய் நசுங்கும்."

"நசுங்கினா எங்க கொல்லையில காய்க்கும்போது வந்து ஏத்திக்க. கதவத் தொற."

முன்னால் இருந்த ஆள் தானாகவே இறங்கிப் பின்னால் ஏறிக்கொண்டான். அத்திப்பள்ளிக்கு முன்னால் செக்போஸ்ட்டில் குறுக்குக் கட்டையைத் தூக்கியபோது மாரிசாமி பேச்சுக்கொடுத்தார். "இதோட மெட்ராஸ் ராஜ்ஜியம் முடிஞ்சுதுக்கா. இனிமே மைசூரு."

"எங்க ஊரு எல்ல காலைலயே முடிஞ்சுபோச்சு. இன்னும் எத்தன எல்ல இருக்குதோ, நீ ஓட்டு."

மடியில் கிடந்த ருக்மணிக்கு அந்தப் பயணத்தில் நினைவிருப்பது அந்த ஒரு வார்த்தைதான். மற்றதெல்லாம் மயக்கமருந்தின் வாசனையில் கரைந்துவிட்டது. குடல்வாலின் நுனி கறுத்துப்போயிருந்ததாகவும், உடையவில்லை என்றும் பெங்களூர் சர்ஜன் சொன்னதாக அம்மா பிற்பாடு சொல்லித் தெரியும்.

அவர்கள் திரும்பி வந்தபோது பண்டிகை முடிந்து பந்தல் பிரித்தாகியிருந்தது. கரகத்தை நாராயணப்பனிடமிருந்து வாங்கிக் கரியப்பன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். கட்டிய காப்பைப் பண்டிகைக்கு நடுவில் அவிழ்த்த மணிக்கட்டை அவர் துண்டால் மூடிக்கொண்டு திரிந்தார். மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு மனைவியிடம், "நான் என்னா பண்ணுவேன், என் கையில காப்பு இருந்துச்சு" என்றார்.

"ஒங்க கையில காப்பு இருந்துச்சு. என் கையில புள்ள இருந்துச்சு" என்றாள் சரோஜம்மாள். அதற்குமேல் அந்தப் பேச்சை அவரிடம் அவள் எடுத்ததே இல்லை.

ஊர் கூடியது. ஈரத்துணியோடு கோயிலைச் சுற்றி வந்து, அம்மன் முன்னால் விழுந்து, தப்புப் பண்ணிவிட்டேன் என்று வாயால் சொல்ல வேண்டும் என்று ராஜப்பன் தீர்ப்புச் சொன்னார். சரோஜம்மாள் ஓரமாக நின்றபடி கேட்டாள்.

"எது தப்புன்னு சொல்லிடுங்க மாமா. புள்ளைய எடுத்துக்கினு போனதா? அது பொழைச்சு வந்ததா?"

பின்வரிசையில் எவனோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டான். அன்றிலிருந்து அந்த வீட்டு மாவிளக்குத் தட்டை கோயிலில் வாங்கவில்லை. நல்லது கெட்டதுக்கு அழைப்பு இல்லை. ராகி நடவுக்குப் பதில் வேலை செய்ய ஆள் வரவில்லை. அவளும் நாராயணப்பனும் தாங்களே நட்டார்கள், அறுத்தார்கள். அவள் தலையைக் குனியவும் இல்லை, சண்டைக்கும் போகவில்லை. பண்டிகைக்குப் பண்டிகை மாவிளக்கு இடித்து, வீட்டிலேயே ஏற்றி வைத்து, "வேணும்னா அவளே நடந்து வந்து எடுத்துக்கட்டும், தூரமா என்ன" என்பாள்.

ஆனால் பிள்ளைக்கு வயிற்று வலி என்றால் பெண்கள் அவள் வீட்டுப் பின்வாசலுக்குத்தான் வந்தார்கள். அவள் முதலில் கேட்பது ஒன்றே. "எண்ணெய குடுத்தியா? குடுக்காத. தண்ணியும் குடுக்காத. பொடவைய மாத்திக்கினு வா." எழுதப் படிக்கத் தெரியாதவள் பஸ்ஸில் போகும்போதே யானைக் கதையைச் சொல்லி முடித்திருப்பாள். திம்மராயனைக் கண்டதும், "எறும்பு முழிச்சுக்கினு இருக்குதா?" என்று கேட்பாள்.

நான்காம் வருடம், மறுபடி காப்புக் கட்டிய நாளிலேயே கூலித்தெரு நாராயணம்மாவின் மகனுக்கு வலி வந்தது. சரோஜம்மாள் இரண்டாம் முறையும் எல்லையைத் தாண்டினாள். சாயங்காலமும் பார்த்தார்கள், மறுநாள் காலையிலும் பார்த்தார்கள். வெள்ளை அணு ஏறவே இல்லை. சிவப்புப் பொடி தூவிய அணுதான் ஏறியிருந்தது. வெறும் நாக்குப்பூச்சி. மருந்து குடித்து, பையன் ஆடிக்கொண்டே வந்து சேர்ந்தான். ஊரே சிரித்தது.

"பூச்சிக்கு பஸ் ஏறினவள பாரு" என்றார் ராஜப்பன் கடைவாசலில் வைத்து. "ஒண்ணுமில்லாததுக்குக் காப்பத் தாண்டினியே, சரோசா."

"ஒண்ணுமில்லன்னு நீங்க இங்கயே உக்காந்து சொல்லியிருந்தா நான் எதுக்கு மாமா போறேன்?"

அடுத்த வருடம் ஆஞ்சப்பனின் சின்ன மகளுக்கு வந்தது பூச்சி அல்ல. முதல் நாள் எண்ணெய் கொடுத்தார்கள், இரண்டாம் நாள் சூடு வைத்தார்கள். மூன்றாம் நாள்தான் சரோஜம்மாளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். திம்மராயன் ரத்தத்தை எண்ணிவிட்டு, வழக்கமான கேலி எதுவும் பேசாமல் சில்லைத் துடைத்தார். ஏறியிருக்க வேண்டிய அணுவெல்லாம் அடியோடு இறங்கிப்போயிருந்தது. "ஓடறதுக்கு ஆளே மிச்சமில்லம்மா" என்றார்.

அந்தப் பிள்ளையை அடக்கம் செய்த மறுநாள் சரோஜம்மாள் ராஜப்பன் வீட்டு வாசலில் போய் நின்றாள். ஏழு வருடத்தில் அவள் அந்த வாசலுக்குப் போனது அந்த ஒரு தடவைதான். உள்ளே கூப்பிட்டார்கள், போகவில்லை.

"எனக்கு ஈரத்துணி சொன்னீங்க. இந்தப் புள்ளைக்கு யாரு ஈரத்துணி கட்டறது, மாமா?"

பதிலுக்குக் காத்திராமல் திரும்பி வந்துவிட்டாள். ராஜப்பன் அன்று சாப்பிடவில்லை என்று பேச்சு. இருந்தாலும் தீர்ப்பு தீர்ப்பாகவே நின்றது.

இப்போது வண்டியில் அவளைக் கொண்டுவந்து இறக்கியபோது பொழுது உச்சியைத் தாண்டியிருந்தது. நாராயணம்மா கால்மாட்டில் உட்கார்ந்து வந்திருந்தாள். கூலித்தெருப் பெண்கள் வந்தார்கள். மேல்தெருவிலிருந்தும் சிலர் வந்தார்கள். இந்தத் தடவை முன்வாசல் வழியாகவே வந்தார்கள். ராஜப்பன் நான்கு பெரியவர்களோடு வந்து நாராயணப்பனின் தோளைத் தொட்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"எடுத்துக்கினு போற வழி கோயிலுக்கு முன்னாடி போவுது. தப்பு தீராத ஒடம்பு அந்தப் பக்கம் போக முடியாது. ஈரத்துணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். அவ பேர்ல நீ ஒரு தேங்காய ஒடச்சு, தெரியாம பண்ணிட்டான்னு ஒரு வார்த்த சொல்லிடு. ஊரே தூக்கும்."

ஒரு தேங்காய். நாராயணப்பன் தலையாட்டினார். பரண்மேலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போய்த் தொழுவத்தின் பக்கம் நட்டிருந்த கடப்பாரையில் குத்தி மட்டையைத் திருகினார். நார் கிழிகிற சத்தம் கேட்டு ருக்மணி எழுந்து வந்தாள்.

"எதுக்கு நைனா?"

"வழிக்கும்மா."

"தெரியாம பண்ணிட்டான்னு சொல்லப் போறீங்களா?"

அவர் மட்டையை இன்னொரு தரம் திருகினார்.

"அம்மா தெரிஞ்சுதான் பண்ணுச்சு. வண்டில மூட்டைய வெச்சுச்சு, மறுபடி எடுத்துச்சு. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். தெரியாம பண்ணிச்சுன்னா நான் இப்ப எங்க இருப்பேன்?"

நாராயணப்பனின் கை நின்றது. ராஜப்பன் ருக்மணியைப் பார்த்து, "சின்னப் பொண்ணு, உள்ள போ" என்றார்.

"போக மாட்டேன் தாத்தா. கோயில் வழி வேணாம். எங்க ராகிக் கொல்லை வழியா சுடுகாட்டுக்குப் போகலாம். அது எங்க நெலம். அதுல நடக்க யாருகிட்டயும் கேக்க வேணாம்."

நாராயணப்பன் மகளைப் பார்த்தார். ராஜப்பனைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாடையின் தலைமாட்டுக்குப் போனார். முன்பக்கம் அவரும் ஆஞ்சப்பனும் தூக்கினார்கள். பின்பக்கத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. ராகி அறுத்த கொல்லையில் தாள் காலைக் குத்தியது. வழக்கப்படி பெண்கள் தெருமுனையோடு நின்றிருக்க வேண்டும். அன்று கொல்லையின் கடைசி வரப்புவரை போனார்கள், ருக்மணி முன்னால் போனாள். ராஜப்பனும் பெரியவர்களும் கோயில் பக்கமாகவே ஒதுங்கி நின்றார்கள். கூட வந்த நால்வரில் ஒருவர் மட்டும் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கொல்லைக்குள் இறங்கி வந்தார்.

தொழுவத்துக் கடப்பாரையில் குத்திய தேங்காய் அப்படியே நின்றது. மட்டை ஒரு பக்கம் மட்டும் உரிந்திருந்தது. மறுபக்கத்தை இதுவரை யாரும் உரிக்கவில்லை.